வேட்டைத் துணைக்கு லாப்ரடார் குட்டி: எட்டில் எதை எடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரே ஈற்றில் எட்டு லாப்ரடார் குட்டிகள், வயது ஆறு வாரம், அடுத்த வாரக் கடைசியில் போய் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், துப்பாக்கியோடு வேலைக்குப் போகும் நாயாகப் பழக்க வேண்டும், நீங்களே பழக்கப் போகும் முதல் நாய் இது. போன முறை பார்த்தபோது ஒரு கறுப்பு ஆண்குட்டி மற்றதையெல்லாம் தள்ளிக்கொண்டு முதலில் ஓடி வந்து ஷூ லேஸைக் கவ்வி இழுத்தது, வளர்ப்பவரும் "இதுதான் கூட்டத்துக்கே தலைவன், இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார், எடுக்கலாமா என்கிறீர்கள். கேள்வி எந்தக் குட்டி என்று இருக்கிறது. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. இரண்டு வருடம் கழித்து உங்கள் காலடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, பறவை விழுந்த இடத்தைக் கண்ணில் குறித்து வைத்துக்கொண்டு, நீங்கள் அனுப்பிய பிறகே போய், நசுக்காமல் கவ்வி வந்து கையில் கொடுக்கிற நாய் இந்த எட்டில் எது என்று இன்றைக்கே எப்படிக் கண்டுபிடிப்பது, அதுதான். சுட்ட பறவையை எடுத்து வரும் ரிட்ரீவர் வகை நாய்களை இருபது வருடத்துக்கு மேல் பழக்கி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த வேலையில் பெரும்பகுதி குட்டிகளை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உங்கள் கேள்வியில் எட்டுக் குட்டிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். தாயைப் பற்றி ஒரே வரி. தகப்பனைப் பற்றி "சாம்பியன்" என்று ஒரே சொல். எனக்குக் கவலை தருவது அதுதான்.

முதலில் அந்தச் சாம்பியனை எடுத்துக்கொள்வோம். எதில் சாம்பியன் என்று கேட்டீர்களா? லாப்ரடார் இன்று பெயரில் ஒரே இனம், நடைமுறையில் கிட்டத்தட்ட இரண்டு. நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கி வலையும் கயிறும் இழுத்துக் கொடுத்த நாய்களின் வழி வந்தது இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் மாம்ஸ்பரி பிரபுக்களும் பக்ளூ டியூக்குகளும் அவற்றைப் பறவை வேட்டைக்காக வளர்த்து நிலைப்படுத்தினார்கள், 1903-இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் சில பத்தாண்டுகளுக்கு ஒரே நாய் கண்காட்சியிலும் பரிசு வாங்கி வேலைப் போட்டியிலும் பரிசு வாங்குவது நடந்தது. 1915-இல் பிறந்த பாஞ்சரி போலோ என்ற கறுப்பு நாய்தான் இரண்டிலும் சாம்பியன் பட்டம் பெற்ற முதல் லாப்ரடார். இன்றைக்கு அது நினைத்தும் பார்க்க முடியாத காரியம் ஆகிவிட்டது. கண்காட்சிக்கு வளர்க்கிறவர்கள் கனமான எலும்பு, அகலமான தலை, உருண்டு திரண்ட மார்பு என்று ஒரு பக்கம் போனார்கள். வேலைக்கு வளர்க்கிறவர்கள் வேகம், களைக்காமல் தாக்குப்பிடிப்பது, மூக்கு, சொல்லைக் கேட்கும் புத்தி என்று இன்னொரு பக்கம் போனார்கள். இத்தனை தலைமுறை தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தால் பெயர் ஒன்றாக இருந்தாலும் நாய் ஒன்றாக இருக்காது.

கண்காட்சி வழி நாய்க்கு எடுத்து வரத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. பல நாய்கள் சந்தோஷமாக எடுத்து வரும், வீட்டில் பொறுமையாகவும் இருக்கும். எனக்கே அப்படி ஒன்று இருந்தது, காலை முழுக்க நன்றாக வேலை செய்யும், மதியத்துக்கு மேல் உடம்பு கனம் தாங்காமல் நடைக்கு வந்துவிடும். ஆனால் காசு கொடுத்து, இரண்டு வருட உழைப்பும் போட்டுப் பழக்கப் போகிற குட்டிக்கு வாய்ப்பு எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்தால் சந்தேகமே இல்லை, வேலை வழிதான். வம்சாவளித் தாளை வாங்கிப் பாருங்கள். ஃபீல்டு டிரையல் சாம்பியன் என்று பெயருக்கு முன்னால் இருந்தால் அது உண்மையான வேட்டை நாளில் நடுவர்கள் முன்னால் வாங்கிய பட்டம். ஷோ சாம்பியன் என்றால் உருவத்துக்கு. பிரிட்டிஷ் முறையில் வெறும் சாம்பியன் என்று போட்டிருந்தால், உருவத்துக்கு வாங்கியதோடு வேலையிலும் ஒரு தகுதி பெற்ற நாய் என்று அர்த்தம். மற்ற நாட்டுச் சங்கங்களில் அதே சொல் வேறு அர்த்தத்தில் வரும், எந்தச் சங்கம் கொடுத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு தலைமுறைக்கு முன்னால் இருக்கும் ஒரே ஒரு பெரிய பெயரைக் காட்டி விலை சொல்வார்கள். அதை விடுங்கள். தாய், தகப்பன், அவற்றின் தாய் தகப்பன் என்று அந்த ஆறு நாய்களில் எத்தனை உண்மையில் வேலை செய்தவை என்பதுதான் கணக்கு.

பட்டமே இல்லாத, ஆனால் வாரா வாரம் வேலைக்குப் போகிற நாய்களும் உண்டு, அவற்றின் குட்டிகளையும் நான் தயங்காமல் எடுப்பேன். பார்க்க முடிந்தால் போதும். அதனால்தான் குட்டியைப் பார்க்கப் போகும் எல்லாரிடமும், முதலில் தாயின் வேலையைக் காட்டச் சொல்லுங்கள் என்கிறேன். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் நாயை ஓடவிட முடியாது, அது நியாயம். ஆனால் போன பருவத்தில் எடுத்த வீடியோ இருக்கும், தகப்பன் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம், அல்லது அதே ஜோடியின் போன ஈற்றுக் குட்டிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டு அவற்றின் சொந்தக்காரர்களோடு பேசலாம். இந்த மூன்றாவது வழிதான் என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. விற்றவர் சொல்லாததை வாங்கினவர் சொல்லிவிடுவார்.

அப்படிப் பேசும்போது மூன்று விஷயத்தைக் குறிப்பாகக் கேளுங்கள். முதலாவது சத்தம். வேலை நடக்கும்போது உட்கார்ந்திருக்கும் நாய் முனகுகிறதா, சிணுங்குகிறதா, குரைக்கிறதா? பிரிட்டிஷ் ஃபீல்டு டிரையலில் இதற்கு நாயை அந்த இடத்திலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள், அவ்வளவு பெரிய குறை. இது வம்சத்தில் வரும் என்று வேலை நாய் வளர்க்கிற எல்லாரும் நம்புகிறார்கள், என் அனுபவமும் அதுவே. ஆரம்ப காலத்தில் ஒரு பெண்குட்டி எடுத்தேன், மூக்கும் வேகமும் அப்படி ஒரு நாயை நான் அதற்குப் பிறகு பழக்கியதில்லை, ஆனால் பத்து மாதத்தில் மற்ற நாய் வேலை செய்வதைப் பார்த்து மெல்லிய விசில் மாதிரி ஒரு முனகல் தொடங்கியது. பொறுமையாக விலக்கி உட்கார வைத்தேன், வேலையைக் குறைத்தேன், கூட்டினேன், ஒன்றரை வருடம் எல்லாம் செய்து பார்த்தேன், போகவில்லை. அப்புறம்தான் தாயை வைத்திருந்தவரைத் தேடிப் போய்ப் பேசினேன். தாய்க்கும் அதே முனகல். வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது, நான் கேட்கவில்லை.

இரண்டாவது வாய். பறவையை மெத்தென்று கவ்வி வருகிறதா, விலா எலும்பு நொறுங்கக் கடிக்கிறதா? இதிலும் வம்சத்துக்குப் பங்கு இருக்கிறது, ஆனால் முனகலைப் போல அவ்வளவு உறுதியாக நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கெட்ட பழக்கத்தால் கெட்டுப்போன வாய்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். குட்டி வாயில் இருப்பதைப் பிடுங்கிப் பிடுங்கி இழுபறி விளையாடினவர்கள், உயிரோடு காயம்பட்ட பறவையை மிகச் சீக்கிரம் எடுக்க அனுப்பினவர்கள், எல்லாரும் பிறகு நாயைத்தான் குறை சொன்னார்கள். மூன்றாவது, சொன்ன சொல்லுக்குத் திரும்புவது. தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது விசில் கேட்டு நின்று திரும்பிப் பார்க்கிற நாயா, அல்லது மூக்கு போன போக்கில் போய்விட்டு முடிந்த பிறகு வருகிற நாயா? முதல் நாய் பழக்குகிறவருக்கு இந்த மூன்றிலும் இதுதான் உயிர்நாடி. வேகம் கொஞ்சம் குறைந்த, ஆனால் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற நாயை நீங்கள் நல்ல வேலைக்காரனாக ஆக்கிவிடலாம். புயல் மாதிரி ஓடுகிற, உங்களைத் தேவையே படாத நாயை அனுபவசாலிகளே பிடித்து நிறுத்தச் சிரமப்படுவார்கள்.

அடுத்தது உடம்பு. இதில் நான் மருத்துவர் இல்லை, நாய்க்காரன் என்ற முறையில் எந்தத் தாளைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன், தாளைப் படித்துச் சொல்ல ஒரு நல்ல கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் லாப்ரடாருக்கு என்றைக்கும் உள்ள பிரச்சினை. தாய் தகப்பன் இரண்டுக்கும் எக்ஸ்-ரே எடுத்து அதிகாரபூர்வமாகத் தரம் போட்டிருக்க வேண்டும். பிரிட்டிஷ் முறையில் ஒவ்வொரு இடுப்புக்கும் 0 முதல் 53 வரை, இரண்டும் சேர்த்து 106 வரை எண் வரும், குறைவாக இருந்தால் நல்லது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் இன்னும் நல்லது. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஏ முதல் இ வரை எழுத்து, ஏ சிறந்தது. அமெரிக்க முறையில் எக்ஸலன்ட், குட், ஃபேர் என்று போகும், அங்கே இறுதிச் சான்றை இரண்டு வயதுக்குப் பிறகுதான் தருகிறார்கள். முழங்கைக்கு 0 முதல் 3 வரை, 0 தான் வேண்டும். "மருத்துவர் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார்" என்பது சான்று ஆகாது, நடை நன்றாக இருக்கும் நாய்க்குக்கூட எக்ஸ்-ரேயில் மூட்டு மோசமாக இருக்கும். அதே சமயம் இதையும் புரிந்துகொள்ளுங்கள், மூட்டுக் கோளாறு ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை, பல மரபணுக்களும் வளர்ப்பும் சேர்ந்து வருவது, அதனால் நல்ல எண் உள்ள இரண்டு நாய்களுக்கும் கெட்ட மூட்டோடு ஒரு குட்டி பிறக்கலாம். வாய்ப்பைக் குறைக்கலாமே தவிர இல்லாமல் ஆக்க முடியாது.

டிஎன்ஏ சோதனை விஷயம் வேறு, அங்கே பதில் ஏறக்குறைய ஆம் அல்லது இல்லை என்றே வரும். வேலை நாய்க்கு நான் முதலில் கேட்பது இஐசி என்ற சோதனை. கடுமையாக ஓடும்போது திடீரென்று பின்னங்கால் துவண்டு விழும் நோய் அது. சாதாரண நடையில் ஒன்றும் தெரியாது, உற்சாகமும் ஓட்டமும் சேர்ந்து ஐந்து, பத்து நிமிடம் போனதும் பின்பக்கம் தள்ளாடும், உடம்புச் சூடு ஏறும், பெரும்பாலான நாய்கள் அரை மணிக்குள் எழுந்துவிடும், சில செத்தே போயிருக்கின்றன. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வுக் குழு கண்டுபிடித்தது, அதற்கு முன்னால் இப்படி விழுந்த நாய்களை வெயில் தாங்காதவை, சோம்பேறிகள் என்று சொல்லி ஒதுக்கியிருக்கிறார்கள், பாவம். தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டிக்கு நோய். அதனால் பெற்றோரில் ஒன்று கேரியராக (அந்த மரபணு ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தது) இருந்தாலும் இன்னொன்று கிளியர் (அந்த மரபணுவே இல்லாதது) என்றால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது, அந்த ஈற்றை நான் ஒதுக்க மாட்டேன். கேரியர் என்ற சொல்லைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பல நல்ல வேலை வம்சங்களை இழந்தவர்களை எனக்குத் தெரியும். இதே கணக்குத்தான் மெல்ல மெல்லக் கண் பார்வையைப் பறிக்கும் பிஆர்ஏ நோய்க்கும், தசைகளைப் பலவீனமாக்கும் சிஎன்எம் நோய்க்கும். மூன்றுக்கும் சோதனை இருக்கிறது, மூன்றையும் கேளுங்கள்.

நிறத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு, மஞ்சள், சாக்லேட் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் வேலைத் திறமையைத் தீர்மானிப்பதாக எந்த ஆதாரமும் இல்லை. வேலை வழியில் கறுப்பு அதிகம், சாக்லேட் குறைவு, அதனால் சாக்லேட் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் நல்ல ஈற்றுகள் குறையும், அவ்வளவுதான். பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2018-இல் வந்த ஆய்வில் சாக்லேட் நாய்களின் இடைநிலை ஆயுள் 10.7 வருடம், மற்ற நிறங்களுக்கு 12.1 என்று வந்தது. அது நிறத்தாலேயே வருவது என்று யாரும் நிரூபிக்கவில்லை, நிறத்துக்காகவே குறுகிய வட்டத்துக்குள் இனச்சேர்க்கை செய்ததன் விளைவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

சரி, இதெல்லாம் தேறிவிட்டது, எட்டுக் குட்டிகள் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழு எட்டு வாரக் குட்டியிடம் ஒரு மணி நேரம் சோதனை வைத்து அது வளர்ந்து எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் மிகவும் பலவீனம். ஸ்வீடனில் வேலைக்காக வளர்த்த ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகளை எட்டு வாரத்தில் சோதித்து, வளர்ந்த பிறகு மறுபடி சோதித்துப் பார்த்தார்கள், 1998-இல் முடிவு வந்தது; குட்டியில் பார்த்ததை வைத்து வளர்ந்த நாயின் வேலைத் தகுதியைக் கணிக்க முடியவில்லை. இன்னொரு பக்கம், உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் நாய்களாக வளர்க்கப்பட்ட 375 ரிட்ரீவர் குட்டிகளை எட்டு வாரத்தில் பார்த்து 2021-இல் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. மனிதன் விரல் நீட்டிய இடத்தைப் பார்ப்பது, முகத்தை நோக்குவது போன்றவற்றில் குட்டிக்குக் குட்டி இருந்த வேறுபாட்டில் 40 சதவீதத்துக்கு மேல் மரபணுவால் விளக்க முடிந்தது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மனிதனைக் கவனிக்கும் குணம் ரத்தத்தில் வருகிறது, ஆனால் ஒரு நாள் சோதனையில் தனிக் குட்டியின் வருங்காலம் தெரிவதில்லை. நான் தாயையும் தகப்பனையும் பிடித்துத் தொங்குவது இதனால்தான்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து வரலாமா? நான் அப்படிச் செய்வதில்லை. வேண்டாததைக் கழிக்கத்தான் பார்க்கிறேன், சிறந்ததைக் கண்டுபிடிக்க இல்லை. ஒரே நாளில் முடிவு செய்யாமல் இரண்டு தடவை போவேன், ஏனென்றால் வயிறு நிறையத் தின்ற குட்டியும் பசியோடு இருக்கும் குட்டியும் தூக்கத்தில் இருந்து எழுந்த குட்டியும் மூன்று வேறு குட்டிகள் மாதிரி நடந்துகொள்ளும். முதலில் தூரமாக நின்று எல்லாம் சேர்ந்து விளையாடுவதைப் பார்ப்பேன். பிறகு ஒவ்வொன்றாக, அதற்குப் பழக்கமில்லாத இடத்தில், தாயும் கூடப்பிறந்தவையும் கண்ணில் படாமல் தரையில் விட்டு நானும் சும்மா உட்கார்ந்துகொள்வேன். சில நொடி திகைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் முகர ஆரம்பித்தால் நல்லது. மூலையில் பதுங்கி அப்படியே இருந்துவிட்டால் எனக்கு வேண்டாம். சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி போகிற குட்டியை மனதில் குறித்துக்கொள்வேன். என்னை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிற குட்டியையும் குறித்துக்கொள்வேன், அனுபவம் உள்ள வேறு யாருக்காவது.

ஒரு சாக்ஸை உருண்டையாகச் சுருட்டி இரண்டு மூன்றடி தூரத்தில் உருட்டிவிடுவேன். ஓடிப்போய்க் கவ்வினால் சந்தோஷம், கவ்விக்கொண்டு என் பக்கம் வந்தால் இன்னும் சந்தோஷம், தன் மூலைக்கு எடுத்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை, வாயில் எதையாவது வைத்துக்கொள்ள ஆசை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. உருண்டு போவதைத் தலை திருப்பிப் பார்க்கக்கூட இல்லை என்றால், மறுநாளும் அப்படியே என்றால், அந்தக் குட்டி நல்ல வீட்டுத் துணையாக இருக்கட்டும். பிறகு கொஞ்சம் தள்ளி ஒரு சாவிக்கொத்தைக் கீழே போடுவேன். திடுக்கிடுவது குறையே இல்லை. திடுக்கிட்ட பிறகு எத்தனை சீக்கிரம் தேறி, அது என்ன என்று பார்க்க வருகிறது என்பதைத்தான் கவனிப்பேன். தயவுசெய்து இந்த இடத்தில் யாரையும் துப்பாக்கியோ பட்டாசோ வெடிக்க விடாதீர்கள். "சத்தத்துக்குப் பயப்படுகிறதா என்று பார்த்துவிடலாம்" என்று ஏழு வாரக் குட்டிகள் முன்னால் வெடித்துக் காட்டினவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அவர் சோதிக்கவில்லை, பயத்தைக் கற்றுக்கொடுத்தார். துப்பாக்கிச் சத்தம் என்பது மாதங்கள் கழித்து, தூரத்திலிருந்து, குட்டி வேறு வேலையில் சந்தோஷமாக இருக்கும்போது, மெல்ல மெல்ல நெருங்கி வர வேண்டிய விஷயம்.

குட்டிகள் எந்த இடத்தில் வளர்கின்றன என்பதையும் பார்த்துவிடுங்கள், அதை யாரும் கேட்பதில்லை. மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு பதினான்கு வாரம் வரை நாய்க்குட்டியின் மனம் புதியதை ஏற்றுக்கொள்ளத் திறந்திருக்கும் காலம், இதில் விவாதமே இல்லை, கடைசி எல்லை எந்த வாரம் என்பதில்தான் கொஞ்சம் வேறுபாடு. அதில் பாதி வளர்ப்பவர் கையில்தான் கழிகிறது. மனிதர்கள் நடமாடும் இடத்தில், பாத்திரச் சத்தம் கேட்டு, பல பேர் கையில் தூக்கி, புல்லிலும் சரளையிலும் நடந்து வளர்ந்த குட்டிக்கும், ஆளில்லாத கொட்டகையில் வைக்கோலில் எட்டு வாரம் கிடந்த குட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே அம்மாவுக்குப் பிறந்த குட்டிகளிலேயே பார்த்திருக்கிறேன். தாயையும் கூடவே கவனியுங்கள். குட்டிகளை அந்நியர் தொடும்போது கொஞ்சம் கவலையாகப் பார்ப்பது இயல்பு. பல்லைக் காட்டினாலோ, வாலை இடுக்கிக்கொண்டு ஒளிந்தாலோ வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இப்போது உங்கள் கறுப்பு ஆண்குட்டிக்கு வருகிறேன். அது கெட்ட குட்டி என்று நான் சொல்ல மாட்டேன், பார்க்காமல் சொல்லவும் முடியாது. ஒரே ஒரு தடவை முதலில் ஓடி வந்தது என்பதால் அது தலைவனும் இல்லை; குட்டிகளுக்குள் இந்த முன்பின் வாரத்துக்கு வாரம் மாறும், அன்றைக்கு அது முதலில் தூங்கி எழுந்த குட்டியாக இருந்திருக்கலாம். ஆனால் இரண்டாவது தடவை போகும்போதும் அது மற்றவற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, லேஸைப் பிடித்து, நீங்கள் விலக்க விலக்க இன்னும் வேகமாக வந்தால், முதல் நாய் பழக்குகிற உங்களுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. தைரியம் வேலை நாய்க்கு அவசியம்தான். முள்ளுக்குள் நுழைய வேண்டும், குளிர்ந்த தண்ணீரில் குதிக்க வேண்டும். ஆனால் வேலை வழி லாப்ரடாருக்குத் தைரியம் பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும், ஆரம்பக்காரரிடம் தட்டுப்படும் பிரச்சினை அது அதிகமாகிப் போவதுதான். நடுவில் இருக்கும் குட்டிகளைப் பாருங்கள், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்து, உங்கள் முகத்தைப் பார்த்து, கையில் எடுத்தால் கொஞ்சம் நெளிந்துவிட்டு அடங்குகிற குட்டி. என் கையில் நன்றாக வந்த நாய்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. இது என் கையில் இருந்த நாய்களை வைத்துச் சொல்வது, கணக்கெடுத்து யாரும் நிரூபித்தது இல்லை.

ஆணா பெண்ணா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். திறமையில் வித்தியாசம் இல்லை. பெண்நாய் வருடத்தில் ஒன்று இரண்டு தடவை பருவத்துக்கு வரும், ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம் போல மற்ற நாய்களோடு வேலைக்கு அழைத்துப் போக முடியாது, அது சரியாக வேட்டைப் பருவத்தில் வந்து விழும். ஆண்நாய் ஒன்றரை வயதுவாக்கில் மூக்கு முழுக்க வேறு யோசனையோடு அலையும், அந்தச் சில மாதம் பொறுமை வேண்டும். பொதுவாகப் பெண்நாய்கள் கொஞ்சம் சீக்கிரம் பக்குவப்படும் என்று பழக்குகிறவர்கள் சொல்வார்கள், நானும் அப்படித்தான் கண்டேன், ஆனால் விதிவிலக்குகள் எக்கச்சக்கம். ஒரே ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள், இரண்டு குட்டிகளைச் சேர்த்து எடுக்காதீர்கள். துணைக்கு இருக்கட்டும் என்று எடுத்தால் அவை ஒன்றையொன்று பார்க்கும், உங்களைப் பார்க்காது.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது தனிக் கதை, ஆனால் தேர்ந்தெடுப்பதை வீணாக்கக்கூடிய இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் பெரிய இன நாய்களைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், லாப்ரடார்களும் அதில் இருந்தன, மூன்று மாதம் வரை தினமும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகமாக வந்தது, மெத்தென்ற தரையில் கட்டாமல் சுதந்திரமாகத் திரிந்த குட்டிகளுக்குக் குறைவாக வந்தது. ஆகவே படிக்கட்டில் தூக்கிக்கொண்டு போங்கள், புல்வெளியில் விடுங்கள். இன்னொன்று எடை. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாக வைத்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்து வாழ்நாள் முழுக்கப் பார்த்தார்கள். மெலிந்திருந்தவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வாதமும் தள்ளி வந்தது. லாப்ரடார் எப்போதும் பசிக்கிறது என்று சொல்லும், பல நாய்களுக்கு அதற்கு மரபணுக் காரணமே இருக்கிறது என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நீங்கள் விலா எலும்பைக் கையால் தடவிப் பார்த்துத் தீனி போடுங்கள், அதன் கண்ணைப் பார்த்துப் போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் முறையான பயிற்சி எதற்கும் அவசரம் இல்லை, கூப்பிட்டால் வருவது, உட்காருவது, வாயில் இருப்பதைச் சந்தோஷமாகக் கொடுப்பது போதும்; பல் விழுந்து முளைக்கும் நான்காம், ஐந்தாம் மாதங்களில் டம்மி (பறவைக்குப் பதிலாக எறிந்து எடுத்து வரப் பழக்கும் பொருள்) எறிவதையே நிறுத்தி வையுங்கள், வலிக்கும் வாயில் எடுத்துப் பழகினால் எடுக்கவே வெறுத்துப்போகும். உங்கள் பகுதியில் வேட்டைக்கு அனுமதி இல்லையென்றாலும் குட்டி வீணாகாது, இதே பயிற்சி முழுவதையும் டம்மி வைத்தே செய்யலாம், அதற்கென்று போட்டிகளும் நடக்கின்றன.

அடுத்த வாரம் போவதற்கு முன்னால் வளர்ப்பவரிடம் இன்றைக்கே போனில் கேளுங்கள்: தகப்பன் சாம்பியன் பட்டம் எதில் வாங்கியது, இரண்டு நாய்களின் இடுப்பு, முழங்கை எண்கள் என்ன, இஐசி, பிஆர்ஏ, சிஎன்எம் முடிவுகள் என்ன, தாய் வேலை செய்யும் வீடியோ ஒன்று அனுப்ப முடியுமா, போன ஈற்றில் வாங்கின யாராவது ஒருவரோடு பேச முடியுமா. நல்ல வளர்ப்பவர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படுவார், உங்களையும் திருப்பிப் பத்துக் கேள்வி கேட்பார். மழுப்பினால், அல்லது இன்றைக்கே முன்பணம் கட்டாவிட்டால் குட்டி போய்விடும் என்று அவசரப்படுத்தினால், போகவே போகாதீர்கள். எட்டுக் குட்டிகளைக் கண்ணால் பார்த்த பிறகு வெறுங்கையோடு திரும்ப யாராலும் முடியாது, என்னாலும் முடிந்ததில்லை. பதில்கள் வந்ததும், வம்சாவளித் தாளில் உள்ள பெயர்களோடு இங்கே எழுதுங்கள், படித்துவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.